ஜெர்மன் பாஸ்போர்ட்டா, பிஆர் போதுமா? ஊரை விட மனமில்லாதவர்களுக்கான கணக்கு

ஜெர்மனியில் ஐந்தாறு ஆண்டுகளைக் கழித்துவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பொங்கலுக்கோ பிறந்தநாளுக்கோ ஒன்றுகூடினால் தவறாமல் வந்துவிடுகிற பேச்சு இது: “சிட்டிசன்ஷிப்புக்குப் போட்டாச்சா? இல்ல, பிஆரே போதும்னு இருக்கீங்களா?” பிஆர் என்றால் நிரந்தர வதிவிட அனுமதி. பெரும்பாலும் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான். “அம்மா அப்பா ஊர்ல இருக்காங்க. எப்ப வேணாலும் திரும்ப வேண்டி வரலாம். இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனசு வரலை. பிஆர் போதும்.”

அந்தப் பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதிலிருந்து அவர்கள் போடும் கணக்கு தலைகீழாக இருக்கிறது என்பது என் கருத்து. பிஆர் என்பது ஜெர்மனியிலேயே இருப்பவருக்கான உரிமை. ஊருக்குப் போய் ஒன்றிரண்டு வருடம் தங்க வேண்டியிருப்பவருக்கு அது கைகொடுக்காது. பெற்றோரை நினைத்துத் தயங்குகிறவர்களில் பலருக்கு, அதே பெற்றோரை முன்னிட்டே குடியுரிமை பொருத்தமாக இருக்கும். எல்லோருக்கும் அல்ல. யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1955-ல் இத்தாலியோடு தொடங்கி, 1961-ல் துருக்கி, 1968-ல் யூகோஸ்லாவியா என்று ஒப்பந்தம் போட்டு மேற்கு ஜெர்மனி தொழிலாளர்களை வரவழைத்தது. அவர்களை விருந்தினர் என்றே அழைத்தது. வந்தவர்கள் வேலை முடிந்ததும் போய்விடுவார்கள் என்று நம்பியது. 1973-ல் ஆள் சேர்ப்பை நிறுத்தியபோது பலர் போகவில்லை, குடும்பத்தை அழைத்துக்கொண்டார்கள். ஆனாலும் 1913-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ரத்த உறவையே அடிப்படையாக வைத்திருந்ததால், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் வெளிநாட்டவராகவே நீடித்தார்கள். 2000 ஜனவரி 1-ல்தான் மண்ணில் பிறந்ததற்கும் மதிப்பு வந்தது. குடியுரிமைக்கான காத்திருப்புக் காலம் எட்டு ஆண்டாகக் குறைந்தது. அதற்குப் பிறகு 2015-ல் சிரியாவிலிருந்தும், 2022-ல் உக்ரைனிலிருந்தும் வந்தவர்கள் நாட்டின் முகத்தையே மாற்றினார்கள். 2022-ல் மட்டும் வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தால் கிட்டத்தட்ட 14 லட்சத்து 60 ஆயிரம் பேர் கூடினார்கள். 2024-ல் அந்த எண்ணிக்கை 4 லட்சத்து 30 ஆயிரமாக இறங்கியது.

வருகிறவர்கள் குறையும் அதே காலத்தில் குடிமக்களாகிறவர்கள் பெருகுகிறார்கள். 2021-ல் சுமார் 1 லட்சத்து 31 ஆயிரம் பேர் ஜெர்மன் குடியுரிமை பெற்றார்கள். 2023-ல் 2 லட்சம். 2024-ல் ஏறத்தாழ 2 லட்சத்து 92 ஆயிரம். இதில் கால்வாசிக்கு மேல் சிரியர்கள், அதாவது 2015 வாக்கில் வந்து சேர்ந்தவர்கள். இந்தியர் கதை இதற்குப் பின்னால் வரும் அலை. 2015-ல் அங்கே இருந்த இந்தியக் குடிமக்கள் சுமார் 86 ஆயிரம். 2024 முடிவில் 2 லட்சத்து 80 ஆயிரம். மென்பொருள் வேலைக்கும் முதுகலைப் படிப்புக்கும் போனவர்களே பெரும்பகுதி. அவர்களுடைய ஐந்து ஆண்டு நிறைவு இப்போதுதான் வரிசையாக வந்துகொண்டிருக்கிறது.

2024 ஜூன் 27-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்தது. எட்டு ஆண்டு ஐந்தாகியது. பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும் என்ற நிபந்தனை போனது. சிறப்பாக வேரூன்றியவர்களுக்கு மூன்றே ஆண்டில் என்று ஒரு குறுக்குவழியும் இருந்தது. ஆட்சி மாறியதும் 2025 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். ஐந்து ஆண்டும் இரட்டைக் குடியுரிமையும் தப்பின.

ஆனால் இரட்டைக் குடியுரிமை நமக்கு இல்லை. தடை பெர்லினில் இல்லை, டெல்லியில் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டம் 9-ஆம் பிரிவின்படி, ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். துருக்கிக்காரரும் சிரியரும் இரண்டு பாஸ்போர்ட்டோடு நடமாட, இந்தியர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கேள்வி நம் வீடுகளில் இவ்வளவு கனமாக இருக்கிறது.

கையில் இருக்கும் வழிகள்

முதல் வழி, சாதாரண பிஆர், ஜெர்மனில் நீடர்லாசுங்ஸ்எர்லௌப்னிஸ். ப்ளூ கார்டு, அதாவது உயர்திறன் வெளிநாட்டுப் பணியாளருக்கான அனுமதி, வைத்திருப்பவருக்கு பி1 (இடைநிலை) அளவு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்தில், ஏ1 (தொடக்கநிலை) மட்டும் என்றால் 27 மாதத்தில் கிடைக்கும். வேலை மாற்றத் தடையில்லை, காலாவதி இல்லை, இந்தியப் பாஸ்போர்ட் அப்படியே இருக்கும். இவ்வளவு சீக்கிரம் கிடைப்பதாலேயே பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள்.

இரண்டாவது, ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வதிவிட உரிமை. ஐந்து ஆண்டு வேண்டும். இதைப் பற்றி நம்மவர்கள் பேசுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம், ஏனென்றால் சாதாரண பிஆரைவிட இது பல வகையில் உறுதியானது. கீழே வருகிறேன்.

மூன்றாவது, ஜெர்மன் குடியுரிமை பெற்று, இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வாங்கிக்கொள்வது.

நான்காவது, கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் குடியுரிமை பெறுவது. இது அரைகுறைத் தீர்வு என்று ஒதுக்கப்படுகிறது. சில குடும்பங்களுக்கு இதுவே சரியானது.

ஆறு மாதம் என்கிற கத்தி

கும்பகோணத்தில் தனியாக இருக்கும் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை, பிறகு மூன்று மாதம் படுக்கை, பிறகு மெல்ல நடக்கப் பழகுதல். நடுவில் சர்க்கரை கூடி இன்னொரு முறை மருத்துவமனை. ஒரே மகளான நீங்கள் சம்பளமில்லா விடுப்பு எடுத்துப் போகிறீர்கள். சட்டம் உங்கள் அம்மாவின் எலும்பு கூடும் வேகத்தைப் பார்க்காது. ஜெர்மனிக்கு வெளியே ஆறு மாதம் கடந்தால், முன்கூட்டியே வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தால் தவிர, சாதாரண பிஆர் தானாகவே செத்துவிடும். யாரும் கடிதம் போட்டு எச்சரிக்க மாட்டார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. தற்காலிகமல்லாத காரணத்துக்காகக் கிளம்பினால் ஆறு மாதம்கூடக் கணக்கில்லை. வீட்டைக் காலி செய்து, நகராட்சிப் பதிவை ரத்து செய்து, வேலையையும் விட்டுவிட்டுப் போனவர், மூன்றாம் மாதமே திரும்பி வந்தாலும், “நீங்கள் நிரந்தரமாகத்தானே போனீர்கள்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதினைந்து ஆண்டு சட்டப்படி வாழ்ந்து, வருமானமும் உறுதியாக இருப்பவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. ஜெர்மன் குடிமகனை மணந்து அவரோடு சேர்ந்து வாழ்பவருக்கும் உண்டு. மற்றவர்களுக்குப் பொதுவாக இல்லை.

ஐரோப்பிய நீண்டகால வதிவிட உரிமையில் இந்தக் கெடு 12 மாதம். முன்பு ப்ளூ கார்டு வைத்திருந்தவருக்கு 24 மாதம். பிஆரோடு நிற்பது என்று முடிவு செய்தவர்கள், ஐந்து ஆண்டு நிறைந்ததும் இதற்கு விண்ணப்பிக்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக்கு வேலைக்குப் போவதையும் இது எளிதாக்கும். டென்மார்க்கும் அயர்லாந்தும் மட்டும் இந்த ஏற்பாட்டில் சேரவில்லை.

குடியுரிமைக்கு வந்தால் கெடு என்பதே இல்லை. கும்பகோணத்தில் நான்கு வருடம் இருந்துவிட்டு பிராங்ஃபர்ட் விமான நிலையத்தில் இறங்கலாம். ஓசிஐ அட்டை இருப்பதால் இந்தியாவில் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் தங்கலாம், வேலையும் பார்க்கலாம், போலீஸில் பதிவு செய்யவும் தேவையில்லை. ஊரிலும் இருக்கலாம், இங்கேயும் திரும்பலாம் என்ற இரட்டைச் சுதந்திரம், இரட்டைக் குடியுரிமை மறுக்கப்பட்ட நமக்கு இந்த ஒரு வழியில்தான் கிடைக்கிறது.

இந்தியப் பாஸ்போர்ட்டோடு எதெல்லாம் போகும்

இதை மூடி மறைக்கக் கூடாது. ஓசிஐ என்பது பெயரில்தான் குடியுரிமை. உண்மையில் அது ஆயுட்கால விசா. ஓட்டு இல்லை. தேர்தலில் நிற்க முடியாது. அரசு வேலை இல்லை. செய்தியாளர் பணி, ஆராய்ச்சி, மதப் பிரசாரம், மலையேற்றம் போன்றவற்றுக்கு 2021 மார்ச் அறிவிப்பின்படி சிறப்பு அனுமதி வேண்டும்.

விவசாய நிலம் பற்றிய பயம்தான் அதிகம் கேட்கிறேன். ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது என்பது உண்மை. ஆனால் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கும் இதே தடை இப்போதே இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அப்பாவின் நிலம் வாரிசாக வருவதை இரண்டு பேருக்குமே யாரும் தடுக்க முடியாது. வித்தியாசம் எங்கே என்றால், நிரந்தரமாக ஊர் திரும்பி, சொந்தமாக நிலம் வாங்கி விவசாயம் செய்ய நினைப்பவருக்கு. அது உங்கள் உண்மையான திட்டம் என்றால் இந்தியப் பாஸ்போர்ட்டை விடாதீர்கள்.

பிள்ளைகள் படிப்பு இன்னும் கனமான விஷயம். அதே 2021 அறிவிப்பின்படி, நீட் உள்ளிட்ட தேர்வுகளை ஓசிஐ மாணவர் எழுதலாம். ஆனால் என்ஆர்ஐ ஒதுக்கீட்டு இடங்களுக்கோ கூடுதல் இடங்களுக்கோ மட்டுமே போட்டியிட முடியும். இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய இடங்கள் கிடைக்காது. பத்தாம் வகுப்புக்கு முன் ஊர் திரும்பி, பெண்ணைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் அரசு இடத்தில் சேர்ப்பதுதான் கனவு என்றால், குழந்தையின் குடியுரிமையில் அவசரம் வேண்டாம். ஆனால் குழந்தை ஜெர்மனியில் பிறந்து, அப்போது பெற்றோரில் ஒருவர் ஐந்து ஆண்டு சட்டப்படி வசித்து நிரந்தர உரிமையும் வைத்திருந்தால், உங்களைக் கேட்காமலே அது ஜெர்மன் குடியாகிவிடும். அப்படிப் பிறந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெற்றோர் மட்டும் வெளிநாட்டவராக நீடிப்பது எனக்கு இயல்பாகப் படவில்லை.

ஆண் பிள்ளை இருப்பவர்கள் புதிதாக ஒன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 2026 முதல், 2008-லும் அதற்குப் பிறகும் பிறந்த ஜெர்மன் குடிமகன்கள் பதினெட்டு வயதில் ராணுவத்துக்கான கேள்விப் படிவத்தை நிரப்பித்தர வேண்டும். சேவை விருப்பத்தின் பேரில்தான். நாளை மாறாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வரி பற்றி மட்டும் கவலை வேண்டாம். அமெரிக்கா போல ஜெர்மனி குடியுரிமையைப் பார்த்து வரி போடுவதில்லை, எங்கே வசிக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறது.

கல்யாணத்துக்கு முன்பா, பின்பா?

இங்கேதான் ஜெர்மன் பாஸ்போர்ட் சில நேரம் காலை வாரிவிடுகிறது. ப்ளூ கார்டு வைத்திருக்கும் இந்தியர் ஊரில் கல்யாணம் செய்துகொண்டால், மனைவி ஜெர்மன் மொழித் தேர்வு எழுதாமலே விசா வாங்கலாம். அதே ஆள் ஜெர்மன் குடிமகனாகிவிட்டு மதுரையில் தாலி கட்டினால், மனைவி முதலில் ஏ1 தேர்வில் தேற வேண்டும். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் இடம் பிடித்து, படித்து, எழுதி, முடிவு வரும்வரை புதுமணத் தம்பதி பிரிந்திருக்க வேண்டியதுதான். மறுபக்கம், ஜெர்மன் குடிமகனின் துணைக்கு வருமானக் கணக்கை அவ்வளவு கறாராகக் கேட்பதில்லை. வந்த மூன்று ஆண்டில், திருமணமாகி இரண்டு ஆண்டு நிறைந்திருந்தால், அவரும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கல்யாணம் நெருங்கிவிட்டது என்றால், துணையை அழைத்து வந்த பிறகு விண்ணப்பிப்பது எளிது.

பெற்றோரை ஜெர்மனிக்கே அழைத்து வர நினைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. 2024 மார்ச் 1 முதல் முதன்முறையாக ப்ளூ கார்டோ அதுபோன்ற திறன் பணியாளர் அனுமதியோ பெற்றவர்கள், செலவையும் மருத்துவக் காப்பீட்டையும் ஏற்றுக்கொண்டால், அப்பா அம்மாவை அழைத்துவரலாம். இது வெளிநாட்டுப் பணியாளரின் பெற்றோருக்காக எழுதிய பிரிவு. ஜெர்மன் குடிமகனின் பெற்றோருக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு அசாதாரணமான கஷ்டத்தை நிரூபிக்கும் பழைய குறுகிய வழிதான். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவருக்கு ஏற்றுக்கொள்ளத்தக்க காப்பீடு கிடைப்பது பெரும்பாடு என்பதால் நடைமுறையில் இதைப் பயன்படுத்துவோர் குறைவு. ஆனாலும் நீங்கள் 2024-க்குப் பிறகு போனவர், பெற்றோரை அழைப்பதில் உறுதியாக இருக்கிறீர்கள் என்றால், அவர்கள் வந்து சேரும்வரை உங்கள் அனுமதியை மாற்றாதீர்கள்.

பாதுகாப்பும் குரலும்

விசா இல்லாமல் லண்டன் சித்தி வீட்டுக்குப் போகலாம் என்பதெல்லாம் நல்ல வசதிதான். அதற்காக மட்டும் பாஸ்போர்ட்டை மாற்றச் சொல்ல மாட்டேன். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு.

ஜெர்மனியில் பிஆர் வைத்திருப்பவருக்கு நகராட்சித் தேர்தலில்கூட ஓட்டு இல்லை. ஹாம்பர்க்கும் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனும் வெளிநாட்டவருக்கு உள்ளாட்சி வாக்குரிமை கொடுக்க முயன்றபோது, 1990-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நேற்று வந்த இத்தாலியர் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவார், ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் என்பதால். இருபது வருடம் வரி கட்டிய திருச்சிக்காரர் ஓரமாக நிற்பார். 2025 பிப்ரவரித் தேர்தலில் குடியேற்றத்தைக் கடுமையாக எதிர்க்கும் ஏஎஃப்டி கட்சி 20.8 சதவீத வாக்கோடு இரண்டாம் இடத்துக்கு வந்தது. அதைப் பார்த்துப் பயப்பட்ட நம்மவர்களில் எத்தனை பேரால் எதிராக ஓட்டுப் போட முடிந்தது?

வதிவிட விதிகளை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம். மூன்றாண்டுக் குறுக்குவழி பதினாறு மாதத்தில் வந்த சுவடு தெரியாமல் போனதைப் பார்த்தோம். குடியுரிமையின் பாதுகாப்பு அரசியல் சட்டத்தின் 16-ஆம் விதியில் இருக்கிறது: ஜெர்மன் குடியுரிமையைப் பறிக்கக் கூடாது, ஒருவர் விருப்பத்துக்கு மாறாக அது போவதானாலும், அவர் நாடற்றவராகக் கூடாது. நாஜி ஆட்சி யூதர்களின் குடியுரிமையைப் பறித்த கொடுமைக்குப் பிறகு எழுதப்பட்ட விதி அது. பொய் ஆவணம் கொடுத்து வாங்கியிருந்தால் பத்து ஆண்டுக்குள் ரத்தாகும், மற்றபடி உறுதியானது. இந்தியக் குடியுரிமையை விட்டவருக்குக் கையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பதால், நாடற்றவராக்கக் கூடாது என்ற வரி இரட்டைக் குடியுரிமை வைத்திருப்பவரைவிட நமக்கு அழுத்தமாகப் பொருந்துகிறது.

இலங்கைத் தமிழர்களுக்கு

1983-க்குப் பிறகு கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலில் மேற்கு பெர்லினுக்குக் கடந்து தஞ்சம் கேட்ட தலைமுறைக்கு இந்தக் கணக்கு வேறு. ஹம் நகரில் 2002-ல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயிலுக்குத் திருவிழாவில் போனால் தெரியும், அவர்களில் பலரும் ஜெர்மன் குடிமக்களாகி நெடுங்காலம் ஆகிறது. இன்னும் பெறாதவர்கள் வரிசைமுறையை மட்டும் தவறவிடக் கூடாது. இலங்கைச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. ஆனால் ஜெர்மன் குடியுரிமை கைக்கு வருவதற்கு முன்பே, இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பித்திருக்க வேண்டும். ஜெர்மன் குடியுரிமை முந்திக்கொண்டால் இலங்கைக் குடியுரிமை அற்றுப்போய், திரும்பப் பெறும் நீண்ட வழியில் போக வேண்டும். 2022-ஆம் ஆண்டின் 21-ஆம் திருத்தத்தால் இரட்டைக் குடிமக்கள் அங்கே நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது. காணி, வீடு, போக்குவரத்துக்காக இதை நாடுபவர்களுக்கு அது பெரிய தடையல்ல.

முடிவு எடுத்தவர்கள் கவனிக்க வேண்டியது

கட்டணம் பெரியவருக்கு 255 யூரோ, பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு 51. பி1 மொழிச் சான்றிதழ் வேண்டும். குடியுரிமைத் தேர்வில் 33 கேள்விக்கு 17 சரியாக இருந்தால் போதும். 310 கேள்விகளும் முன்கூட்டியே வெளியிடப்பட்டவை, பயப்பட ஒன்றுமில்லை. பொறுமையைச் சோதிப்பது காத்திருப்புதான். பல நகரங்களில் ஓராண்டுக்கு மேல் ஆகிறது. நியாயமான காரணமின்றி மூன்று மாதத்துக்கு மேல் அலுவலகம் அசையாவிட்டால் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட சட்டம் இடம் தருகிறது. பலரும் கடைசி ஆயுதமாகத்தான் அதை எடுக்கிறார்கள், அது சரிதான்.

ஓரிடத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அதிகாரி முன் நின்று அரசியல் சட்டத்தை மதிப்பேன், நாட்டுக்குக் கேடு செய்ய மாட்டேன் என்று உறுதிமொழி சொல்லி, சான்றிதழைக் கையில் வாங்கும் நொடியில் நீங்கள் ஜெர்மானியர். அதே நொடியிலிருந்து பையில் இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். ஜெர்மன் பாஸ்போர்ட் வரச் சில வாரம், இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்க இன்னும் சில வாரம், அதற்குப் பிறகுதான் ஓசிஐ. இந்த இடைவெளியில் ஊரில் ஒரு சாவு என்றால் தவிப்பு சொல்லி மாளாது. ஆகவே கூடுதல் கட்டணம் கட்டி அவசரப் பாஸ்போர்ட்டுக்கு அன்றைக்கே விண்ணப்பியுங்கள். அது கைக்கு வந்ததும் இந்தியாவுக்கு இ-விசாவில் போகலாம். ஊரில் வயதானவர் நோய்வாய்ப்பட்டிருந்தால், சான்றிதழ் வாங்கும் நாளைச் சற்றுத் தள்ளிக் கேளுங்கள்.

ஒருவர் மட்டும் பெறும் வழியை நான் சொல்வது இதனால்தான். இருவரின் பெற்றோரும் முதியவர்களாக இருக்கும் வீட்டில், முதலில் ஒருவர் விண்ணப்பித்து, ஓசிஐ வரை முடித்த பிறகு அடுத்தவர் தொடங்கலாம். அந்த மாதங்கள் முழுக்க வீட்டில் ஒருவராவது உடனே விமானம் ஏறும் நிலையில் இருப்பார். நீண்ட நாள் ஊரில் தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு யார் தலையில் விழும் என்பதை இப்போதே இருவரும் பேசிவிடுங்கள். அவர் முதலில் போடட்டும்.